ஊர் பெருகும்போது கிணற்றில் என்ன சேர்கிறது? நைட்ரேட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் பக்கம், பாதாள சாக்கடை இன்னும் வராத ஒரு தெருவில் குடியிருக்கிறேன். நாங்கள் வீடு கட்டி வந்தபோது தெருவில் ஆறு வீடு, மற்றதெல்லாம் காலி மனை. கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தோம், அதில்தான் பருப்பு வெந்தது. இப்போது அதே தெருவில் அடுக்குமாடிகளே ஒன்பது. சில வருடங்களுக்கு முன்னால் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது மற்றதெல்லாம் ஓரளவு சரியாக இருந்தும் நைட்ரேட் மட்டும் வரம்பைத் தாண்டியிருந்தது. நைட்ரேட் என்பது நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த, தண்ணீரில் எளிதாகக் கரையும் ஒரு வடிவம். அன்றிலிருந்து இதைத் தேடித் தேடிப் படிக்கிறேன். தெருக்காரர்கள் கேட்கிறார்கள், நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நைட்ரஜன் காற்றில் இருப்பதுதானே, அது எப்படி மாசு ஆகும்?

காற்றில் 78% நைட்ரஜன்தான். ஆனால் அங்கே இரண்டு இரண்டு அணுக்களாக இறுகப் பிணைந்து கிடக்கிறது, நாமோ செடியோ அதைத் தொட முடியாது. அந்தப் பிணைப்பை உடைத்து மண்ணுக்குக் கொண்டுவர முன்பெல்லாம் இரண்டே வழிதான் பெரிதாக இருந்தது: ஒன்று மின்னல், இன்னொன்று நுண்ணுயிர்கள், முக்கியமாக உளுந்து, துவரை, கொளுஞ்சி போன்றவற்றின் வேர் முடிச்சில் இருப்பவை. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருந்து அமோனியா எடுத்துக் காட்டினார். 1913-ல் கார்ல் போஷ் அதை ஜெர்மனியில் தொழிற்சாலையாகவே நடத்தினார். இன்று நாம் போடும் யூரியா அந்த வழியில் வந்ததுதான்.

யூரியா நெல்லாகிறது, மக்காச்சோளமாகிறது, மக்காச்சோளம் கோழித் தீவனமாகி முட்டையாகிறது. தஞ்சாவூர் அரிசி, நாமக்கல் முட்டை, மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வரும் துவரம்பருப்பு, எல்லாம் நகரத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றோடு நைட்ரஜனும் வருகிறது. அரிசி வந்த லாரி காலியாகத் திரும்பிப் போய்விடும், நைட்ரஜன் மட்டும் இங்கேயே தங்கிவிடும். வளர்ந்த ஆளின் உடம்பு அதைச் சேர்த்து வைப்பதில்லை. உள்ளே போனது கிட்டத்தட்ட முழுவதும் வெளியே வந்துவிடுகிறது, பெரும்பகுதி சிறுநீராக. ஊர் எவ்வளவு பெரிதாகிறதோ, சுற்றுப்புற வயல்களின் நைட்ரஜன் அவ்வளவும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது என்பதுதான் விஷயத்தின் வேர்.

ஒரு குடும்பத்தால் அப்படி எவ்வளவு சேர்ந்துவிடும்?

இதை நானே கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஒருவர் நாளைக்கு 60 கிராம் புரதம் சாப்பிட்டால் சுமார் 10 கிராம் நைட்ரஜன் வெளியே வரும். நாலு பேர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 14 அல்லது 15 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 46% நைட்ரஜன், அதாவது கிட்டத்தட்ட 21 கிலோ. ஆக ஒரு குடும்பம் தன் மனையில் வருடம்தோறும் முக்கால் மூட்டைக்குச் சற்றுக் குறைவாக யூரியா கொட்டுவதற்குச் சமம். அந்த மனை ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேர் கணக்கில் பார்த்தால் இது 650 கிலோ நைட்ரஜன். நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் பரிந்துரை, ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ. வயலில் போடுவதைப் போல நாலு மடங்கு, அதுவும் அறுத்து எடுக்க ஒரு பயிர்கூட இல்லாத நிலத்தில்.

தனி வீட்டை இடித்து இரண்டு கிரவுண்டில் எட்டு ஃபிளாட் கட்டினால்? 32 பேர், வருடத்துக்கு ஐந்தரை மூட்டை. இப்போது எங்கள் தெருவை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, இதை நீர்த்துப்போகச் செய்ய எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று பார்ப்போம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 10 மில்லிகிராம். ஒரு ஆளின் ஒரு நாள் 10 கிராமை அந்த அளவுக்குக் கொண்டுவர 1,000 லிட்டர் சுத்தமான தண்ணீர் கலக்க வேண்டும். நாலு பேருக்கு வருடத்துக்கு 14 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டின் மேல் விழும் மழை முழுவதும், ஒரு சொட்டு வீணாகாமல், மண்ணில் இறங்கினால்கூட மூன்று லட்சம் லிட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு!

எல்லா நைட்ரஜனும் நிலத்தடி நீருக்குப் போய்ச் சேராது, கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் கசடில் தங்கும். அதையெல்லாம் கழித்த பிறகும் கணக்கு நமக்குச் சாதகமாக வராது.

விவசாய உரம்தானே முக்கியக் காரணம் என்று படித்தேன்?

நாடு முழுவதையும் எடுத்தால் உரம் பெரிய காரணம்தான், சந்தேகமில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கைப்படி நாட்டில் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய 20 சதவீதம் நைட்ரேட் வரம்பைத் தாண்டியிருந்தன, தமிழ்நாட்டில் 37 சதவீதத்துக்கும் மேல். இதில் வயல்வெளிக் கிணறுகளும் உண்டு, ஊருக்குள் இருக்கும் கிணறுகளும் உண்டு. ஆனால் வயலே இல்லாத, இருபது வருடமாக ஒரு மூட்டை யூரியாகூட வராத தெருவின் கிணற்றில் நைட்ரேட் ஏறினால் அது எங்கிருந்து வந்தது என்று வெகுதூரம் தேட வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தொட்டி மூடியைப் பார்த்தாலே போதும்.

செப்டிக் டேங்க் கழிவைச் சுத்தம் செய்துவிடாதா?

செய்யாது. நம்மில் பலரும் நம்பியிருக்கும் விஷயம் இது, நானும் நம்பியிருந்தேன்.

செப்டிக் டேங்கின் வேலை, கெட்டியானதைக் கீழே தங்க வைப்பதும் அதைக் கொஞ்சம் செரிக்க வைப்பதும். சிறுநீரில் இருக்கும் நைட்ரஜன் ஏற்கெனவே கரைந்த நிலையில் இருப்பது, அது தங்குவதற்கு வழியே இல்லை. அமோனியமாக மாறி, தெளிந்த தண்ணீரோடு வெளியே வந்து, உறை இறக்கிய குழிக்குள் போகிறது. குழிக்கு அடியில் மண் காற்றோட்டமாக இருந்தால் அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியத்தை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியத்தையாவது களிமண் கொஞ்சம் பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பிடித்து வைக்க மண்ணில் எதுவும் இல்லை. தண்ணீர் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும்.

அதனால்தான் "டேங்குக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடி விட்டிருக்கிறேன்" என்பது கிருமிக்குச் சொல்லும் பதில். கிருமிகளில் பெரும்பாலானவை மண்ணில் வடிகட்டப்பட்டு, போகும் வழியில் சாகும். நைட்ரேட்டுக்கு ஐம்பது அடி ஒரு பொருட்டே இல்லை. தவிர, உங்கள் டேங்க் ஐம்பது அடி தள்ளியிருக்கும், பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் இருக்கும். மனைகள் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று, கழிவுநீர் லாரி. டேங்க் நிரம்பியதும் கூப்பிடுகிறோம், உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறார்கள், நம் வேலை முடிந்தது. அந்த லாரி முறையான சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்குகிறதா, இருட்டில் ஏதோ ஒரு கால்வாயில் இறக்குகிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? அடுத்த முறை கேளுங்கள். காசு கொடுக்கும் நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

எங்களுடையது கிணறு இல்லை, 250 அடி போர்வெல். அது பாதுகாப்பானதா?

இடத்தைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர மணலில் மேலே ஊற்றியது விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். எங்கள் பக்கம் பாறை. பரங்கிமலை, பல்லாவரம் கருங்கல்லுக்கு சார்னோகைட் என்று உலகம் முழுக்கப் பெயர். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், அங்கே இருப்பது, இந்த ஊர்ப் பாறை என்பதால் வந்த பெயர் அது. இந்தப் பாறையில் தண்ணீர் மணலில் ஊறுவது போல ஊறாது, வெடிப்புகளின் வழியாக ஓடும். அந்த வெடிப்பு மேல்மட்டத்துக்குத் திறந்திருந்தால் 250 அடி ஆழமும் காப்பாற்றாது, திறக்காமல் இருந்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். பக்கத்துப் பக்கத்து போர்வெல்லில் ஒன்று நன்றாகவும் ஒன்று மோசமாகவும் இருப்பது இதனால்தான். கேஸிங் பைப்பை மேல் மண்ணோடு நிறுத்திவிட்டிருந்தால், அல்லது அதைச் சுற்றி சிமென்ட் பூச்சு இல்லாவிட்டால், மேல் தண்ணீர் குழாயின் ஓரமாகவே உள்ளே இறங்கும். சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

பாதாள சாக்கடை வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

உங்கள் கிணற்றுக்குப் பெரிய நிம்மதி, உண்மை. வேண்டாம் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன், எங்கள் தெருவுக்கு என்றைக்கு வரும் என்று நானே காத்திருக்கிறேன். சென்னை மாநகராட்சி 2011-ல் சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்தது. தாம்பரம் 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆனது. பெயர் ஒரே நாளில் மாறிவிடும், குழாய் பதிக்கப் பல வருடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் வீடுகள் வருகின்றன. வீடு முன்னால், சாக்கடை பின்னால் என்பதே நம் புறநகரங்களின் வரிசை.

ஆனால் குழாய் நைட்ரஜனை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. உங்கள் கிணற்றுக்குப் போக வேண்டியது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. வழக்கமான நிலையம், நாற்றத்துக்கும் கறுப்புக்கும் காரணமான கரிமக் கழிவைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டது. காற்றை ஊதுவார்கள், நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், தண்ணீர் தெளிந்து வரும். பார்வைக்கு நன்றாக இருக்கும் அந்தத் தண்ணீரில் நைட்ரஜனில் பெரும்பகுதி அப்படியே இருக்கலாம்.

அதை எடுக்க இரண்டு கட்டம் வேண்டும். முதலில் நிறைய காற்று கொடுத்து அமோனியாவை நைட்ரேட் ஆக்க வேண்டும். பிறகு காற்றே இல்லாத தொட்டியில், தின்பதற்குக் கொஞ்சம் கரிமப் பொருளோடு அதை விட வேண்டும். ஆக்சிஜன் கிடைக்காத நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை உருவிக்கொள்ளும், மிச்சம் நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்குத் திரும்பிவிடும். எங்கிருந்து வந்ததோ அங்கேயே. தண்ணீரிலிருந்து நைட்ரஜன் பெரிய அளவில் நிரந்தரமாக விலகும் முக்கியமான வழி இதுதான். இதற்குக் கூடுதல் தொட்டி, கூடுதல் மின்சாரம், கவனமாக ஓட்டும் ஆள், எல்லாம் வேண்டும்.

சட்டம் இதைக் கேட்கிறதா என்றால், அந்தக் கதையும் உண்டு. 2015-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவில், சுத்திகரித்த நீரில் மொத்த நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இருந்தது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது நைட்ரஜன் வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2019 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 மில்லிகிராம் வரம்பை மீண்டும் வலியுறுத்தியது. எனக்கு அந்த 2017 முடிவு தவறு என்றே படுகிறது. இன்றைக்குக் கட்டும் நிலையம் முப்பது வருடம் ஓடும். கட்டும்போதே நைட்ரஜன் நீக்கும் தொட்டியைச் சேர்க்காவிட்டால் பிறகு சேர்ப்பது இரட்டைச் செலவு.

சென்னையில் நல்லதும் நடந்திருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் நாளைக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. (நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டுவது) வரை கொண்டுபோகும் நிலையங்கள் வந்தன, அந்தத் தண்ணீர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அவ்வளவு ஏரித் தண்ணீர் மிச்சம். நகரத்தின் மொத்தக் கழிவுநீரில் இது ஒரு சிறு பங்கு, இருந்தாலும் சரியான திசை.

ஏரியும் சதுப்பு நிலமும் இதில் எங்கே வருகின்றன?

இதற்குத்தான் நான் அதிகம் வருத்தப்படுவது.

மேலே சொன்ன காற்றில்லாத தொட்டியை நாம் சிமென்டில் கட்டுகிறோம். அதே தொட்டி இயற்கையில் இலவசமாக இருந்தது. ஏரிக்கரை ஓரத்துச் சேறு, கோரையும் சம்பும் நிற்கும் கறுப்பு மண், அடியில் ஆக்சிஜன் இல்லை, மக்கிய இலை தழை நிறைய இருக்கிறது. மெதுவாக ஊர்ந்து வரும் தண்ணீரில் இருக்கும் நைட்ரேட்டை அந்தச் சேறு வாயுவாக்கி அனுப்பிவிடும். தண்ணீர் மெதுவாகப் போவதும் ஆழம் குறைவாக இருப்பதும்தான் இதில் முக்கியம். வேகமாக ஓடினால் சேற்றோடு அதற்குத் தொடர்பே ஏற்படாது.

தென்சென்னையில் ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது வழிந்தால் அதற்கடுத்தது, கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைக்கு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். ஒவ்வொரு ஏரியின் சேறும் ஒரு வடிகட்டி, கடைசியில் பள்ளிக்கரணை மிகப் பெரிய வடிகட்டி. 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்திருந்த சதுப்பு அது. 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது குறித்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதன் மேலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக இருந்தது. குப்பைமேட்டிலிருந்து கசியும் நீரில் அமோனியா மிக அதிகமாக இருக்கும், ஆக நைட்ரஜனை எடுக்க வேண்டிய இடத்திலேயே நைட்ரஜனை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வீடு கூடும்போது இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது: நைட்ரஜன் கூடுகிறது, அதை எடுக்கும் சேறு குறைகிறது. வெள்ளத்துக்காக மட்டும் ஏரியைக் காப்பாற்றச் சொல்கிறோம். இந்தக் காரணமும் அதே அளவு கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏரியைத் "தூர்வாரி அழகுபடுத்தும்" திட்டம் உங்கள் ஊருக்கு வந்தால் கரை ஓரம் முழுக்கக் கான்கிரீட் சரிவு போடுகிறார்களா என்று பாருங்கள். நடைப்பயிற்சிக்குப் பாதை வரட்டும், ஆழமில்லாத ஓரமும் கோரையும் ஒரு பக்கமாவது இருக்கட்டும் என்று கேளுங்கள்.

ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதும் மீன் செத்து மிதப்பதும் இதனாலா?

ஆகாயத்தாமரை நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலந்த தண்ணீரில் சாப்பாடு போட்டது போல வளரும், இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அதை வாரிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அழுகி எல்லாம் திரும்ப ஏரிக்கே வரும், அப்புறப்படுத்தினால்தான் பயன்.

மீன் சாவதற்குப் பல காரணம் சேரும். அமோனியாவே மீனுக்கு விஷம். கூடவே, ஒரு கிராம் அமோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற நாலரை கிராம் ஆக்சிஜன் தேவை. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனே 8 மில்லிகிராம்தான். அந்த 10 கிராம் கணக்கை இங்கே வையுங்கள்: ஒரு ஆளின் ஒரு நாள் நைட்ரஜன், ஐயாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடக் கூடியது. இதற்கு மேல் பாசி வேறு, பகலில் ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

ஐப்பசி கார்த்திகை மழை எல்லாவற்றையும் கழுவிவிடாதா?

கழுவும். முதல் மழைதான் மோசமானது, ஆறேழு மாதம் சாலையிலும் மழைநீர் வடிகாலிலும் தேங்கியதை ஒரே மூச்சில் கொண்டுபோய் ஏரியில் கொட்டும். மழைநீர் வடிகால் என்ற பெயரில் பல இடங்களில் கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது, அது என்ன தண்ணீர் என்று சொல்லத் தேவையில்லை. வண்டிப் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தூசியோடு தரையில் படிந்து மழையோடு இறங்கும்.

கூவமும் அடையாறும் கோடையில் பெரும்பாலும் கழிவுநீராகத்தான் ஓடுகின்றன. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக்கொள்வதால் கடலுக்குப் போகவும் வழியில்லாமல் தேங்கும். பெருமழையில் மேடு உடைந்து எல்லாம் கடலுக்குப் போகும். கடலில் கலந்தால் ஒழிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கேயும் பாசிதான், அங்கேயும் மீன்தான், அந்த மீனை நம்பிக் குப்பங்களில் மக்கள் இருக்கிறார்கள்.

வேறு ஊர்களில் இதைச் சரிசெய்திருக்கிறார்களா?

இரண்டு ஊர் சொல்கிறேன், இரண்டும் அமெரிக்காவில். நீண்ட காலம் அளந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்காகத்தான் இவற்றை எடுத்தேன்.

பால்டிமோரில் 1997-லிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு காட்டு ஓடை, வயல் ஓடை, புறநகர் ஓடை எல்லாவற்றையும் தொடர்ந்து அளந்தது. காடு, தன் மேல் வந்து சேரும் நைட்ரஜனில் 95 சதவீதத்தைப் பிடித்து வைத்தது. புறநகர் சுமார் 75 சதவீதம். அவ்வளவு பிடிக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம், ஆனால் மிச்சம் கால் பங்கே ஓடையைக் கெடுக்கப் போதுமானது, மழை அதிகமான வருடங்களில் பிடிமானம் இன்னும் குறைந்தது. அதைவிட முக்கியமாக அவர்கள் கண்டது: கூரையிலும் சாலையிலும் விழுந்த மழை திபுதிபுவென்று ஓடைக்கு வருவதால் ஓடையின் அடி அரிக்கப்பட்டு ஆழமாகிறது, கரையோர மண்ணிலிருந்து தண்ணீர் மட்டம் இறங்கிவிடுகிறது, ஈரமாக இருந்தபோது நைட்ரேட்டை வாயுவாக்கிய அதே கரை, காய்ந்த பிறகு நைட்ரேட்டை உண்டாக்கத் தொடங்குகிறது. கட்டடம் ஓடையைத் தொடாமலேயே இந்தச் சேதம் நடக்கிறது. அந்த மாநிலத்தில், மேரிலேண்டில், 2004-ல் ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இரண்டரை டாலர் கட்டணம் போட்டு, பிறகு 2012-ல் அதை இரட்டிப்பாக்கி, அந்தப் பணத்தில் சுத்திகரிப்பு நிலையங்களில் நைட்ரஜன் நீக்கும் வசதியைச் சேர்த்தார்கள்.

இன்னொன்று ஃபுளோரிடாவின் டாம்பா விரிகுடா. 1970-களில் பாசி படர்ந்து கடற்புல் பாதிக்கு மேல் அழிந்திருந்தது. விரிகுடாவில் விடும் சுத்திகரித்த நீரில் நைட்ரஜன் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு மக்கள்தொகை பெருகிக்கொண்டே போனது, இருந்தும் தண்ணீர் தெளிந்தது, 2010-களின் நடுவில் கடற்புல் 1950-களின் அளவுக்குத் திரும்பியது. கடந்த சில வருடங்களில் மறுபடி குறைந்திருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஊர் வளர்ந்தால் தண்ணீர் கெட்டே தீரும் என்று யாராவது சொன்னால் இந்த நாற்பது வருடத்தை எடுத்துக் காட்டலாம்.

நைட்ரேட் உள்ள தண்ணீர் உடம்பை என்ன செய்யும்?

அவசரமான ஆபத்து ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. நைட்ரேட் உடம்பில் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடும், குழந்தை நீலம் பாரிக்கும். 1945-லேயே அமெரிக்காவின் அயோவாவில் கிணற்றுத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தப் பயம் இல்லை. பால்மாவு கரைப்பதாக இருந்தால் கிணறு, போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நைட்ரேட் சோதித்த தண்ணீர்தான். குழந்தையின் உதடும் நகமும் நீலமானால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், வீட்டு வைத்தியம் பார்க்க நேரமில்லை.

காய்ச்சிக் குடித்தால் போகுமா? ஃபில்டர்?

காய்ச்சினால் கூடும். தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் தங்கிவிடும். இதை வயதானவர்களுக்குப் புரிய வைப்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, காய்ச்சிய தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வளர்ந்தவர்கள். கிருமிக்கு அது சரி, இதற்குச் சரியில்லை. யு.வி. விளக்கு, கார்பன் ஃபில்டர், படிகாரம், தேத்தாங்கொட்டை, எதுவும் நைட்ரேட்டைத் தொடாது. வீட்டு ஆர்.ஓ. பெரும்பகுதியை எடுக்கும், சவ்வை நேரத்துக்கு மாற்றினால். வெளியே தள்ளும் தண்ணீரில் நைட்ரேட் செறிவாக இருக்கும், அதைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

எங்கே சோதிப்பது, எதைப் பார்ப்பது?

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம், தனியார் ஆய்வகங்களும் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை, கோடை முடிவில் ஒன்று, மழைக்குப் பிறகு ஒன்று. முடிவுத் தாளில் அலகைப் பாருங்கள். நைட்ரேட் என்று போட்டிருந்தால் வரம்பு 45, நைட்ரேட் நைட்ரஜன் என்று போட்டிருந்தால் வரம்பு 10. முதல் தடவை என் தாளைப் பார்த்தபோது இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு நாள் குழம்பினேன்.

அடுக்குமாடியில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருக்கிறது, நாங்கள் நிம்மதியாக இருக்கலாமா?

ஓடினால் இருக்கலாம். தெரிந்தவர் குடியிருக்கும் ஒரு பெரிய குடியிருப்பில் மின்கட்டணத்தைக் குறைக்க ராத்திரியில் காற்று ஊதும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு நாள் தற்செயலாகத் தெரிந்தது. நுண்ணுயிர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது, மூச்சுக் காற்று நின்றால் அவை செயலிழந்துவிடும், மறுநாள் வெளியே போவது அரைகுறைத் தண்ணீர். சங்கக் கூட்டத்தில் வாட்ச்மேன் சம்பளம் பேசுவதைப் போல இதையும் பேசுங்கள். வெளியேறும் நீரின் அமோனியா, நைட்ரேட் அளவை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் திருப்பினால் வெளியே போவதே குறையும்.

என் கிணற்றில் நைட்ரேட் அதிகம் என்று வந்துவிட்டது. மூடிவிடலாமா?

மூடாதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், குளிக்க, துவைக்க கிணற்றுத் தண்ணீரே போதும், நைட்ரேட் தோல் வழியாக ஏறாது. மாடிக் கூரையின் மழைநீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் இறக்குங்கள், முழுவதும் சரியாகாவிட்டாலும் நீர்த்துப்போகும். மிச்சத்தை வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றுங்கள். லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும் கிணற்றிலிருந்து ஆயிரம் லிட்டர் பாய்ச்சினால் 20 கிராம் நைட்ரஜன் மரத்துக்குப் போகிறது, அந்த அளவுக்கு யூரியா வாங்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாழைக்கு ஐந்து வருடமாகக் கிணற்றுத் தண்ணீரும் அடுக்களைக் கழிவும் மட்டும்தான். கடைசியாக வெட்டிய தாரைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.